தூங்கிப்போன ஐந்தாவது டிஸ்க்

முதியோர் இல்லத்தின் சர்வர் கருகிப்போய் மேசைமேல் கிடந்தது. மின்சாரம் தாறுமாறாக வந்ததில் மதர்போர்டு போய்விட்டது. நல்லவேளையாக, அதிலிருந்த ஐந்து டிஸ்க்குகளுக்கும் உயிர் இருந்தது. கேமராப் பதிவுகளை அந்த ஐந்தும், ஒன்று போனாலும் மற்ற நான்கை வைத்து மீட்கும்படி, துண்டுதுண்டாகப் பங்குபோட்டு வைத்திருந்தன. கழற்றிய புண்ணியவான்கள் ஒன்றுக்கும் நம்பர் போடவில்லை. டிஸ்க் டாக்டர் என்று பேரெடுத்தவன் அவர்களை மனசுக்குள் திட்டிக்கொண்டே வரிசையைத் தேடிக்கொண்டிருந்தான்.

பக்கத்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள் ஒரு பெண். அவளுடைய அப்பா முந்தின நாள் மதியம் அந்த இல்லத்திலிருந்து வெளியே போனவர்தான், இன்னும் திரும்பவில்லை. எழுபத்தெட்டு வயசு, மறதி வேறு. கேட்டுக்கு வெளியே பாதை இரண்டாகப் பிரியும். இடப்பக்கம் ஆற்றங்கரை, வலப்பக்கம் ரயில் நிலையம். எந்தப் பக்கம் திரும்பினார் என்று தெரிய வேண்டும். அவளுடைய தம்பி காரில் உட்கார்ந்தபடி அவள் போனுக்காகக் காத்திருந்தான்.

"இன்னும் எவ்வளவு நேரங்க?"

"இதோ ஆச்சும்மா."

இப்படிக் கேட்டுக் கேட்டே அவனை அவசரப்பட வைத்துவிட்டாள். எந்த டிஸ்க் கடைசியாக எப்போது எழுதியது என்று ஒவ்வொன்றாகப் பார்த்த பிறகுதான் சேர்க்க வேண்டும். தொழிலின் பாலபாடம் அது. ஐந்தும் சுற்றுகின்றனவே என்று அப்படியே சேர்த்துவிட்டான்.

படம் வந்தது. மேல்பாதியில் அப்பாவின் வழுக்கைத் தலை, நேற்றைய நீலச் சட்டை. கீழ்ப்பாதியில் நான்கு கால்கள்.

தலை ஆடுவதற்கும் கால் எடுத்து வைப்பதற்கும் துளியும் பிசகில்லை. ஒரு ஜோடிக் கால் அப்பாவுடையது. இன்னொரு ஜோடியில் ஒரு கால் லேசாக இழுத்து இழுத்து நடந்தது.

"அம்மா," என்றாள் மகள்.

அம்மா செத்து ஆறு மாதம் ஆகியிருந்தது. நான்கு கால்களும் கேட்டைத் தாண்டி இடப்பக்கம் திரும்பின. டாக்டர் வாயைத் திறப்பதற்குள் அவள் போன் போட்டுவிட்டாள்.

"ஆத்துப் பக்கம் போடா, சீக்கிரம்!"

டாக்டருக்குச் சந்தேகம் தட்டியது. அவசர அவசரமாக, முதலிலேயே பார்த்திருக்க வேண்டியதை இப்போது பார்த்தான். பார்த்ததும் தலையில் கையை வைத்துக்கொண்டான்.

"தப்பு என்னுதும்மா. இந்த அஞ்சாவது டிஸ்க் ஏழு மாசத்துக்கு முன்னாடியே தூங்கிடுச்சு. மத்த நாலும் பழைய பதிவு மேல நேத்தையத எழுதியிருக்கு, இது மட்டும் எழுதல. நீங்க பாத்த கால், ரெண்டு பேரும் என்னைக்கோ நடந்து போனது."

அவள் நிமிர்ந்து அவனை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வைக்கு ஒரு அறை வாங்கியிருந்தாலும் தேவலை என்றிருந்தது அவனுக்கு. ஐந்தாவதைப் பிடுங்கி ஓரமாக வைத்தான். மிச்ச நான்கையும் வைத்து, இல்லாத துண்டைக் கணக்குப்போட்டு வரவழைக்க முக்கால் மணி நேரம் பிடித்தது.

இப்போது இரண்டே கால்கள். அப்பா தனியாகத்தான் வந்தார். கேட்டருகே கொஞ்சம் தயங்கி, வலப்பக்கம் திரும்பினார்.

"ஸ்டேஷன்மா. தம்பியத் திரும்பி வரச் சொல்லுங்க."

அவள் எண்ணை அழுத்தப் போகையில் போன் அடித்தது. ஸ்பீக்கரில் தம்பி மூச்சு வாங்கினான்.

"அக்கா, அப்பா கெடச்சுட்டாரு! ஆத்தங்கரை பெஞ்சுல உக்காந்திருக்காரு. நல்லா இருக்காரு."

டாக்டர் படத்தைப் பின்னால் ஓட்டி மறுபடி பார்த்தான். சந்தேகமே இல்லை, வலப்பக்கம்தான்.

"ஸ்டேஷன் பக்கம் போனாரான்னு கேளுடா," என்றாள் அக்கா.

அந்தப் பக்கம் ஏதோ முணுமுணுப்பு. தம்பி மறுபடி போனுக்கு வந்தான்.

"போனாராம்க்கா. தண்டவாளத்துல எறங்கி நின்னுட்டாராம். அம்மா வந்து திட்டி, கையப் புடிச்சு இங்க கூட்டிட்டு வந்தாங்களாம்."

"இப்ப... இப்ப எங்கயாம்?"

"'புள்ள வர்றான் பாரு, நான் கெளம்புறேன்'னு சொல்லி, இப்பதான் எழுந்து போனாங்களாம்."