மாப்பிள்ளை முகம் போட்ட நோட்டு

விடிந்தால் கல்யாணம். மாப்பிள்ளை நந்தகோபாலோ கோவில்பட்டி கோர்ட்டில் போலீஸ்காரர்களுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தான். கள்ளநோட்டு அடிக்கும் கருவி வைத்திருந்தானாம்!

கருவி என்ன பெரிய கருவி? தீப்பெட்டி லேபிள் அடிக்கிற அவனுடைய ஸ்கிரீன் அச்சுச் சட்டம்தான். இந்தப் பக்கத்து இளவட்டங்களுக்குக் கல்யாணப் பத்திரிகை பத்திரிகை மாதிரி இருந்தால் ஆகாது. ஒருத்தன் ரேஷன் கார்டு மாதிரி அடித்தால், இன்னொருத்தன் ஆதார் கார்டு மாதிரி அடிப்பான். எல்லாரையும் தூக்கிச் சாப்பிட நினைத்த நந்தகோபால் ஐந்நூறு ரூபாய் நோட்டு மாதிரி அடித்து, நடுவில் தன் மூஞ்சியைப் போட்டான். "வருகிறவருக்கு வயிறார விருந்து தர உறுதியளிக்கிறேன்" என்று கையெழுத்தும் போட்டான். அதில் ஒன்று பஸ் ஸ்டாண்டில் பறந்து, ஏட்டையாவின் காலடியில் போய் விழுந்தது.

வக்கீல் செல்வலட்சுமி வராந்தாவிலேயே அவனைப் பிடித்துக்கொண்டாள்.

"தம்பி, ஸ்கிரீன் உங்களுது இல்லன்னு சொல்லிருவமா?"

"ஐயோ, நானே கை வலிக்கச் செஞ்சது வக்கீலம்மா!"

"சரி. கள்ளநோட்டு அடிக்கிற எண்ணம் இருந்தாத்தான் குத்தம். இது பத்திரிகைன்னு நான் சொல்லுதேன். நடுவர் ஐயா கேட்டா, யாரும் ஏமாற முடியாத மட்டமான வேலைன்னு நீங்க சொல்லுங்க. வீட்டுக்குப் போயிரலாம்."

மட்டமான வேலையா? அதற்கு ஜெயிலே மேல் என்று தோன்றியது அவனுக்கு.

செல்வலட்சுமி வாதாடி முடித்ததும் நடுவர் நோட்டை வெளிச்சத்தில் பிடித்தார். திருப்பினார். தடவினார்.

"அருமையா அடிச்சிருக்கீங்களே! நிஜ நோட்டு தோத்துடும்."

இத்தனை வருஷத்தில் அவன் வேலையை யாரும் அப்படிப் புகழ்ந்ததில்லை. "நன்றிங்கய்யா, நோட்டுக்குள்ள மின்னுற அந்த வெள்ளிக் கம்பிக்கு மட்டும் ரெண்டு நாள்..." என்று ஆரம்பித்தேவிட்டான். செல்வலட்சுமி தலையில் கை வைத்தாள்.

பின்பெஞ்சில் மணப்பெண், மாமன் மகள் ஜெயப்பிரியா. ஒரு கைக்கு மட்டும் மருதாணி வைத்த கோலத்தில் ஓடி வந்தவள், விம்மி விம்மி அழுதுகொண்டிருந்தாள். பார்த்தான். அவ்வளவுதான், கர்வமெல்லாம் எங்கே போனதோ!

"ஐயா, இது உருப்படாத வேலை. கலர் விலகியிருக்கு, கோடெல்லாம் மை அப்பியிருக்கு. பெட்டிக்கடையில நீட்டினா விரட்டி அடிப்பாவ. என் மூஞ்சியப் பாருங்க, எங்க அம்மைக்கே அடையாளம் தெரியல!"

கோர்ட்டே கொல்லென்று சிரித்தது. நடுவரும் வாயைப் பொத்திக்கொண்டார்.

"கள்ளநோட்டு நோக்கம் தெரியலை. நோட்டு மாதிரி அச்சடிச்சதுக்கு அபராதம்தான் வரும். ரிமாண்ட் கிடையாது. போய்த் தாலியைக் கட்டுங்க."

வாசலில் ஜெயப்பிரியா அவன் சட்டையைப் பிடித்தாள்.

"ஏன் அத்தான் பொய் சொன்னிய? வரும்போது அழுத அழுகையில ஆட்டோக்காரர்கிட்ட நெச நோட்டுன்னு நம்ம பத்திரிகையத்தான் நீட்டியிருக்கேன். இப்பத்தான் பாக்கேன், நெச நோட்டு பையிலயே கெடக்கு. மனுசன் மீதிச் சில்லறையே குடுத்திட்டாரு!"

நந்தகோபாலுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வாய்விட்டுக் கத்தவும் முடியவில்லை. அவள் வாயைப் பொத்தி, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, அதைத் திரும்ப வாங்க ஆட்டோ ஸ்டாண்டுக்கு ஓட்டமாய் ஓடினான்.