இடது சுவர் ஓரமாக ஒரு மேசை

பழம்பொருள் சந்தைக்குள் நொட்டை அக்கா நுழைந்தால் வியாபாரிகளில் பாதிப் பேர் சிரிப்பார்கள், மீதிப் பேர் நல்ல சாமானைத் துணி போட்டு மூடுவார்கள். அவள் வாய் அப்படி. அரண்மனை நாற்காலி என்று ஒருவர் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னால், அதைக் கவிழ்த்துப் போட்டு அடியைப் பார்த்துவிட்டு, "அரண்மனையில ஆணி வாங்கக்கூட வழியில்லையா, வெறும் பசையில நிக்குது?" என்பாள். புது மரத்துக்குச் சாயம் பூசிப் பழசாக்கி வைத்திருந்தால் மோந்து பார்த்தே சொல்லிவிடுவாள். ஒவ்வொரு நொட்டைக்கும் விலை ஒரு படி இறங்கும். அடிமாட்டு விலைக்கு வந்ததும் வாங்கி, அதுவரை திட்டித் தீர்த்த அதே சாமானைக் கைக்குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்கிக்கொண்டு போய் வேனில் வைப்பாள். ஆகவே அந்தப் பெயரை யாரும் கோபத்தில் வைக்கவில்லை, அவளும் கோபித்துக்கொண்டதில்லை.

அப்பேர்ப்பட்டவள் அன்று காலையிலிருந்து சந்தையில் பாதியைச் சுற்றிவிட்டாள், ஒரு நொட்டை சொல்லவில்லை. பித்தளை விளக்குக்காரர் வலியக் கூப்பிட்டு, "என்னக்கா, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டே விட்டார். உடம்புக்கு ஒன்றுமில்லை. அவள் வாங்க வரவில்லை. வீட்டிலிருந்து போன, முகம் பார்க்கிற கண்ணாடி பதித்த ஒரு மேசையைத் தேடி வந்திருந்தாள்.

அது போன கதையைச் சொன்னால் கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். அவளுக்கோ அழுகைதான் வந்தது. பழைய சாமான் வாங்கி விற்கிறவர்கள் வீட்டில் எது வீட்டுச் சாமான், எது விற்கிற சாமான் என்று யாருக்கும் தெரியாது. ஒருமுறை விருந்தாளி உட்கார்ந்திருந்த நாற்காலியையே இன்னொருவர் விலை பேசிக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகுதான் அவள் வீட்டுக்காரர் ஒரு சட்டம் போட்டார். கூடத்தில் இடது சுவர் ஓரமாக இருப்பதெல்லாம் விற்பனைக்கு, வலது சுவர் ஓரமாக இருப்பது வீட்டுக்கு. அதிலிருந்து குழப்பமே வந்ததில்லை.

போன மாதம் மழையில் உள் அறை மேற்கூரை ஒழுகியது. ஜன்னலோரம் இருந்த கண்ணாடி மேசை நனைந்துவிடக் கூடாதே என்று அவள் ஒற்றை ஆளாக அதைக் கூடத்துக்கு இழுத்து வந்தாள். வலது சுவரில் இடமில்லை. ஒரு பொழுதுக்குத்தானே என்று இடது சுவர் ஓரமாக வைத்தாள். மறுநாள், இடுப்புப் பிடித்துப் படுத்திருந்த வீட்டுக்காரருக்கு மாத்திரை வாங்க அவள் போயிருந்த நேரத்தில், மொத்த வியாபாரியின் ஆட்கள் வண்டியோடு வந்துவிட்டார்கள். மனிதர் படுத்த இடத்திலிருந்தே, "இடது சுவர்ல இருக்கிறதெல்லாம் ஏத்திக்கங்கப்பா" என்றார். அவர்களும் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

அந்த மேசை அவருடைய முதல் மனைவியுடையது.

அவர் மகளுக்குப் பத்து வயதாக இருக்கும்போது அந்த அம்மா போய்ச் சேர்ந்தார். அவளுக்குப் பதினைந்து வயதானபோது நொட்டை அக்கா சித்தியாக வந்தாள். ஏழு வருஷத்தில் அந்தப் பெண் ஒரு வார்த்தை முகம் சுளித்துப் பேசியதில்லை, ஒரு வார்த்தை ஒட்டிக்கொண்டும் பேசியதில்லை. இப்போது வேறு ஊரில் வேலை. அப்பாவுக்கு இடுப்பு சரியில்லை, சந்தையில் சாமான் ஏற்றக் கூட ஆள் வேண்டும் என்று விடுப்பு போட்டு நேராகச் சந்தைக்கே வந்திருந்தாள். சந்தை முடிந்ததும் சித்தியோடு வேனில் வீட்டுக்குப் போவாள். போய் உள் அறைக் கதவைத் திறப்பாள். ஜன்னலோரம் வெறுமையாக இருக்கும்.

வேறு யார் விற்றிருந்தாலும் கைத்தவறு என்று போகும். சித்தி விற்றாள் என்றால்? ஊர் வாயை விடுங்கள், அந்தப் பெண்ணே நம்பாவிட்டால் மிச்ச நாளெல்லாம் எப்படி அவள் முகத்தில் விழிப்பது? "சொல்லிடு, புரிஞ்சுக்குவா" என்று வீட்டுக்காரர் சொன்னார். அவருக்கென்ன, அவர் அப்பா. தான் சந்தையிலிருந்து திரும்புகிற வரை மூச்சு விடக் கூடாது என்று அவரிடம் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் கிளம்பினாள். மொத்த வியாபாரியோ, "எதை எவன்கிட்ட தள்ளினேன்னு எனக்கே நினைவில்லம்மா, பெரிய சந்தையில பாருங்க" என்று கையை விரித்திருந்தார்.

காலையில் வந்ததும் அந்தப் பெண்ணே, "சித்தி, நான் அந்தப் பக்கம் பாக்குறேன், நீங்க இந்தப் பக்கம் பாருங்க" என்றாள். கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி இருந்தது இவளுக்கு. அப்போதிலிருந்து கண்ணாடி பதித்த எந்தச் சாமானையும் விடாமல், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாயிற்று. உணவுக்கடையைத் தாண்டி, கடிகாரக் கடைகளைத் தாண்டி, கடைசி வரிசைக்கு வந்தபோது, மீசையின் கூடாரத்தில் அது நின்றுகொண்டிருந்தது.

மீசை என்பது ஆளின் பெயர்தான். மீசையை எடுத்துப் பல வருஷமாகிவிட்டது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் அந்த மேசையின் மேல் ஒரு கிராமபோனைத் தூக்கி வைத்திருந்தார். மேல் பலகையில் நகப்பூச்சு சிந்திய சிவப்புத் திட்டு, கண்ணாடியின் ஓரத்தில் ரசம் போன இடம், பின்கால் ஒன்றின் கீழே மடித்து வைத்த அட்டை. எல்லாம் அப்படியே இருந்தன.

"வாங்கக்கா. ஆரம்பிங்க" என்று மீசை கையைக் கட்டிக்கொண்டு நின்றார். திட்டு வாங்கத் தயாராக நிற்கிற முகம்.

அவள் வாயைத் திறந்தாள். ரசம் போனதைச் சொல்லலாம், திட்டைச் சொல்லலாம், காலைச் சொல்லலாம். வேறு எந்த மேசையாக இருந்தாலும் மூச்சு விடாமல் சொல்லியிருப்பாள். ஆனால் இது அந்த அம்மா உட்கார்ந்து தலைசீவிய மேசை. தான் பார்த்தேயிராத ஒருவரை, அவர் இல்லாத இடத்தில் வைத்துக் குறை சொல்கிற மாதிரி இருந்தது.

"நல்லா இருக்கு" என்றாள்.

போயிற்று. மீசையின் கைகள் தானாக அவிழ்ந்தன. இத்தனை வருஷ வியாபாரத்தில் நொட்டை அக்கா வாயிலிருந்து அந்த வார்த்தையை அவர் கேட்டதே இல்லை. கிராமபோனை மெதுவாக இறக்கிக் கீழே வைத்தார். தோளில் கிடந்த துண்டால் மேசையைத் துடைத்தார். பிறகு அதற்கும் அவளுக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டார்.

"இது விக்கிறதுக்கு இல்லக்கா."

"விலை எழுதி ஒட்டியிருக்கீங்களே."

"அது கிராமபோனுக்கு. நீங்களே நல்லா இருக்குன்னா, இதுல ஏதோ இருக்கு. விவரம் தெரிஞ்சவங்க ஒருத்தர்கிட்ட காட்டிட்டுத்தான் விலை பேசுவேன்."

"ஐயா, இது எங்க வீட்டுச் சாமான். தவறிப்போய் வண்டியில ஏத்திட்டாங்க. செத்துப்போனவங்க பொருள், குடுத்துடுங்க." சொல்லும்போது குரல் உடைந்தது.

மீசை ரசித்துச் சிரித்தார். "அருமைக்கா. போன வருஷம் என்கிட்ட அந்த ஊஞ்சப் பலகையை வாங்கினப்பவும் செத்துப்போன அத்தை ஞாபகம்னு சொன்னீங்க. நானும் மறுவாரம் அதே அத்தையைச் சொல்லித்தான் ஒரு அலமாரி வாங்கினேன்."

அவர் சொன்னது உண்மைதான், ஊஞ்சல் பலகையும் உண்மை, அத்தைதான் பொய். அவள் கெஞ்சக் கெஞ்ச மீசைக்கு மேசை பெரிதாகிக்கொண்டே போனது. கண்ணில் தண்ணீர் வந்ததும் அவர் ஒரு பழைய போர்வையை எடுத்து அதன் மேல் போர்த்தவே தொடங்கிவிட்டார்.

"இதுக்கா சித்தி இவ்வளவு நேரம்?"

பின்னால் அந்தப் பெண் நின்றிருந்தாள். நொட்டை அக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. எதை மறைக்கச் சந்தையெல்லாம் அலைந்தாளோ, அதிலேயே கையும் களவுமாகப் பிடிபட்டுவிட்டாள். பெண் போர்வையை ஒதுக்கினாள். மேசையைப் பார்த்தாள். ஒரு கணம் அவள் விரல் அந்தச் சிவப்புத் திட்டின் மேல் நின்றது. பிறகு கையை எடுத்து, தூசு தட்டுகிறவள் மாதிரி தட்டிக்கொண்டாள்.

"கண்ணாடி போயிடுச்சு, பாதி முகம்தான் தெரியும். மேல நகப்பூச்சு. யாரோ பொறுப்பில்லாத பிள்ளை கொட்டியிருக்கு, தேச்சாலும் போகாது. பின்கால் குட்டை, அட்டையை எடுத்தா நொண்டும்." குனிந்து நிமிர்ந்தாள். "வலது டிராயரை இழுங்க பாப்போம்."

மீசை இழுத்தார். இழுப்பறை வரவில்லை. பலமாக இழுத்தார். மேசையே அவரோடு வந்தது.

"உள்ள பூச்சி அரிச்சு மரம் வீங்கிக் கெடக்கு. வாங்க சித்தி, போலாம்."

பெற்ற தாயின் பொருளை அந்தக் குழந்தை வாயால் குறை சொல்ல வைத்துவிட்டோமே என்றிருந்தது நொட்டை அக்காவுக்கு. வேண்டாம்மா என்று சொல்ல வாயெடுத்தாள், பெண் அவள் கையை இறுக்கிப் பிடித்தாள்.

மீசை இவளை ஒரு பார்வை பார்த்தார். "அப்ப ஏன்க்கா நல்லா இருக்குன்னீங்க?"

"கண்ணாடி போட மறந்துட்டு வந்துட்டாங்க" என்றாள் பெண்.

அவ்வளவுதான். மனிதருக்கு ஏறின காற்றெல்லாம் இறங்கிவிட்டது. பூச்சி மற்ற சாமானுக்குப் பரவுவதற்குள் தலையில் கட்டினால் போதும் என்று வந்த விலைக்குக் கொடுத்தார். வேன் வரைக்கும் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டும் வந்தார். போகும்போது நொட்டை அக்காவிடம், "உங்க வாய் அப்படியே பொண்ணுக்கு வந்திருக்குக்கா" என்று சொல்லிவிட்டுப் போனார். இரண்டு பேரும் அவரைத் திருத்தவில்லை.

வேனுக்குள் மேசையைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தபோது நொட்டை அக்கா உடைந்துவிட்டாள். மழை, கூடம், மாத்திரை, இடது சுவர் என்று முன்னுக்குப் பின்னாக எல்லாவற்றையும் கொட்டினாள்.

"தெரியும் சித்தி" என்றாள் பெண், முடிச்சை இறுக்கிக்கொண்டே. "அப்பா அன்னைக்கே போன் பண்ணிட்டார்."

"சத்தியம் பண்ணினாரே."

"பண்ணினதையும் இன்னைக்குக் காலையில சொன்னார். அவர் வாய் ஓட்டைன்னு உங்களுக்குத் தெரியாதா? நானும் காலையிலேர்ந்து அந்தப் பக்கம் இதத்தான் தேடிட்டிருந்தேன்."

"நான் வேணும்னே வித்துட்டேன்னு நெனச்சிட்டியோன்னு..."

"வேணும்னே வித்திருந்தா நீங்க இவ்வளவு மலிவா வித்திருக்க மாட்டீங்க. அந்த விலைக்கு அப்பாதான் விப்பார்."

நொட்டை அக்காவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்து புரையேறியது. பெண் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். அவள் குடித்து முடித்ததும் கேட்டாள்.

"ஒண்ணு கேக்கணும். ஏழு வருஷமா நீங்க விக்கிற கண்ணாடியிலதான் தலை சீவறீங்க. அது வித்துப்போச்சுன்னா அடுத்தது வர்ற வரைக்கும் எவர்சில்வர் தட்டுல பாக்குறீங்க. சீப்பெல்லாம் அடுப்படியில பிஸ்கட் டப்பாவுல. உள் ரூம்ல இவ்வளவு பெரிய கண்ணாடி இருந்தும் இதுகிட்ட வரவே இல்ல. அம்மா சாமான்னா உங்களுக்குப் பிடிக்கலையோன்னு நெனச்சிட்டிருந்தேன்."

"ஐயோ கண்ணு." நொட்டை அக்கா வேனின் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "வந்த புதுசுல ஒரு நாள் தூசி தட்டும்போது அந்த வலது டிராயரை இழுத்துப் பாத்தேன். வரல. உங்கம்மா பூட்டிட்டுப் போயிருக்காங்க, யாரும் தொடக் கூடாதுன்னு இருக்கும்னு நெனச்சேன். திருடி மாதிரி ஆயிடுச்சு எனக்கு. அதுக்கப்புறம் கிட்ட போகல."

பெண் அவளையே பார்த்தாள். பிறகு மேசை முன்னால் மண்டி போட்டு, வலது இழுப்பறையின் கைப்பிடியைப் பிடித்தாள்.

"பூட்டே கிடையாது சித்தி. லேசாத் தூக்கி இழுக்கணும். அவ்வளவுதான்."

தூக்கி இழுத்தாள். வழுக்கிக்கொண்டு வந்தது. உள்ளே பழைய செய்தித்தாள் விரித்திருந்தது. வேறு ஒன்றுமில்லை.

"இடது டிராயர்தான் அம்மாவோடது. இது எப்பவும் காலிதான். சும்மா இடம்" என்றாள்.

நொட்டை அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏழு வருஷம் பூட்டிக் கிடந்ததாக நினைத்த ஒன்று, உள்ளே யாருக்கும் உரிமையில்லாத காலி இடமாக இருந்தது. கைப்பையைத் துழாவி, பல் போன தன் சீப்பை எடுத்தாள். செய்தித்தாளின் மேல் வைத்தாள். வைத்துவிட்டு, எடுத்துவிடச் சொல்வாளோ என்று பெண்ணின் முகத்தைப் பார்த்தாள். பெண் தன் கொண்டை ஊசி ஒன்றைக் கழற்றி அதன் பக்கத்தில் போட்டாள்.

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் நொட்டை அக்கா ஒரு கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு கையால் ஓட்டினாள். பாதி தூரம் போன பிறகு தொண்டையைச் செருமினாள்.

"கைப்பிடி ஆடுது, பாத்தியா? ரசம் பூசுறவன்கிட்ட கண்ணாடியைக் குடுக்கணும். அந்தப் பின்காலை எவன் அறுத்தானோ, அவனைச் சொல்லணும். அட்டையை வச்சு ஓட்டியிருக்கீங்க இத்தனை வருஷம், அப்பனும் பொண்ணும்."

பெண் இருக்கையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு சிரித்தாள்.

"சொல்லுங்க சித்தி" என்றாள். "இன்னும் என்னென்ன நொட்டை?"