மூன்று நாள் ஐஸ்

மாதாவே, அந்தப் போத்தல் குளிர்ந்திருந்தது. வேறு எதை மறந்தாலும் அதை மறக்க மாட்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை. திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஆய்வுகூடத்தில், முன்மேசையைச் சுற்றி நாற்பது பேர் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். கிண்ணியாவில் வலை வளைக்கும் தாஹிர், தன் மனைவி பரீதாவின் மார்பிலிருந்து வெட்டியெடுத்த புற்றுக் கட்டியைப் போத்தலோடு நீட்டினார். சொந்தக்காரர் கையில் கட்டி வருவது புதினமில்லை. ஆனால் வெட்டிய சதை கெடாமலிருக்கப் போமலின் ஊற்றி, வெளியிலேயே வைக்கிற போத்தல் ஏன் குளிர வேண்டும்? கேட்டிருக்கலாம். "வெட்டியது முதல் போமலினில் இருந்தது" என்ற படிவக் கட்டத்தில் சரி போட்டு, கிறிஸ்டின் என்று கையெழுத்தையும் கிறுக்கி, "அடுத்தாள் வாங்கோ!" என்று கத்தினேன். என் வாய் அப்படி.

இரண்டு கிழமை கழித்து, மெழுகில் பதித்த அந்தக் கட்டியை மெல்லிதாகச் சீவி, கண்ணாடி வில்லையில் ஒட்டி, சாயமேற்றி நுணுக்குக்காட்டியில் வைத்தேன். ஹோர்மோன் ஏற்பிகள் இருந்தால் கலங்களின் கரு மண்ணிறமாகும். இல்லாவிட்டால் நீலமாகவே கிடக்கும். மண்ணிறமென்றால் நோய் திரும்பாமல் தடுக்கிற மாத்திரை பரீதாவுக்கு ஐந்து வருடத்துக்குக் கிடைக்கும். நீலமென்றால் அந்தக் கதவு பூட்டு.

எல்லாம் நீலம்.

சாயம் பிழையோ என்று பார்த்தேன். ஒப்பிடுவதற்கு வைத்த வேறொரு இழையம் நன்றாக மண்ணிறமாகியிருந்தது. ஆகவே சாயம் சரி. ஆனால் பரீதாவின் கட்டிக்கு அருகே நோய் படாத பாற்குழாய்களும் இருந்தன. அவற்றில் சில கலங்களாவது மண்ணிறமாக வேண்டும். அவையும் நீலம். நல்ல இழையமே பதில் சொல்லாதபோது, கட்டி சொல்கிற "இல்லை"யை எப்படி நம்புவது? இது என் மேசைக்கு வருமுன்பே பழுதாகியிருக்கிறது. என் விரலில் அந்தக் குளிர் திரும்பி வந்தது.

கீழே தாஹிரும் பரீதாவும் அறிக்கைக்காக வாங்கில் இருந்தார்கள். அடுத்த நாள் புற்றுநோய் கிளினிக். இறங்கிப் போனேன்.

"நானா, அந்தப் போத்தல எப்பிடி வச்சிருந்தனீங்கள்?"

தாஹிரின் முகம் மலர்ந்தது. "அத ஏன் கேக்கிறீங்க மிஸ்! வெள்ளிக்கிழம பின்னேரம் ஆஸ்பத்திரியில தந்தாங்க. இஞ்ச வந்தா பூட்டு. போயா லீவும் சேந்து வந்ததால செவ்வாய்தான் திறக்கிற எண்டாங்க. அந்தத் தண்ணி கண்ணெல்லாம் எரியிது. இறைச்சிய அரிச்சிப் போடுமெண்டு வேற போத்தல்ல ஊத்திட்டு, துண்ட பேக்கில கட்டி மீன் வைக்கிற ரெஜிபோம் பெட்டியில ஐஸ் போட்டு வெச்சன். காலையும் பின்னேரமும் ஐஸ் மாத்தினன். வரக்குள்ளதான் திரும்பத் தண்ணியில போட்டன். மூண்டு நாள், ஒரு மணம் வரல்ல!"

"என்னைய விட அந்தப் பெட்டியத்தான் பாத்தவர்," என்று பரீதா சிரித்தாள்.

பாவி மனிசன்! இழையத்தை அப்படியே பிடித்து நிறுத்துவது போமலின்தான். ஐஸ் நாறாமல் வைக்கும், அவ்வளவுதான். மேலே ஓடினேன்.

நாலு மணிக்கு டொக்டர் குலசிங்கம் கையெழுத்திட வருவார். போன மாதம் நான் இரண்டு வில்லைகளை மாற்றி அடுக்கியதற்கே, "இன்னொண்டு நடந்தா வீட்டில இரும்" என்றவர். உண்மையைச் சொன்னால் நான் போட்ட சரி பொய். சொல்லாவிட்டால் அறிக்கை பொய். யன்னல் திறக்காத அந்தச் சாய அறைக்குள் ஆப்பிழுத்த குரங்காக இருந்தேன். "இல்லை" என்று எழுதி, பாற்குழாய் தெரியாத பக்கத்தை டொக்டருக்குக் காட்டினால் போதும். இந்த நினைப்பு எனக்கு வந்ததே, அதை இன்றைக்கும் பொறுக்க முடியவில்லை.

டொக்டர் வந்ததும் சொன்னேன். "சேர், அந்தச் சரி பொய். நான் கேக்காமப் போட்டனான்."

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். வில்லையை நெடுநேரம் பார்த்துவிட்டு, "இதில அறிக்கை எழுத ஏலாது. வெட்டுறதுக்கு முதல் ஊசியால எடுத்த சின்னத் துண்டு ஆஸ்பத்திரியில மெழுகோட இருக்கும். அதை எடுத்துச் செய்வம். அவையளுக்கு நீரே போய்ச் சொல்லும். உம்மட கதையை நாளைக்குக் கதைப்பம்," என்றார்.

சொன்னேன். கட்டி பழுதாகிவிட்டது, ஆஸ்பத்திரியிலிருக்கிற மெழுகுத் துண்டைத் தாஹிர் போய் எடுத்து வர வேண்டும் என்று.

"நான் வெச்ச ஐஸாலயா மிஸ்?"

இல்லை என்ற சொல் நாக்கு நுனியில் நின்றது.

"ஓம் நானா. ஆனா போத்தல் குளிர்ந்திருந்தது எனக்குத் தெரியும். அண்டைக்கே கேட்டிருந்தா இந்த ரெண்டு கிழமை வீணாப் போயிராது. கேக்காதது நான்."

அவர் இரண்டு கைகளையும் கக்கத்துக்குள் செருகிக்கொண்டார். "அந்த மெழுகுத் துண்ட நான் தொடமாட்டன். வேற ஆரும் எடுத்து வரட்டும்."

பரீதா அவருடைய கையைப் பிடித்து வெளியே இழுத்தாள். "நீங்கதான் எடுத்து வரணும். வேற ஆர்ட கையையும் நான் நம்பமாட்டன்." பிறகு என் பக்கம் திரும்பினாள். அவள் முகத்தில் சிரிப்பு இல்லை.

"மிஸ், எப்பிடிக் கொண்டு வரணுமெண்டு அவருக்கு எழுதிக் குடுங்க. கீழ உங்கட கையெழுத்தும் வைங்க. இந்த முற பாத்து வைங்க."