காலில் வளையம் போட்ட கிளுவை

என் துப்பாக்கியைப் பார்த்துச் சிரிக்காத ஜீவன்கள் இந்த உலகத்தில் இரண்டுதான். ஒன்று தென்னூர் காஜா மைதீன், இன்னொன்று என் எருமை. எங்கள் ஊரில் மற்ற எல்லோருக்கும் அது விளையாட்டுச் சாமான். மருந்து கிடையாது, புகை கிடையாது, 'டப்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். "என்ன வீரமலை, கொசு அடிக்கக் கிளம்பிட்டியா?" என்று டீக்கடையில் உட்கார்ந்துகொண்டு பெரியண்ணன் தினமும் கேட்பான். கேட்கிறவன் வாழ்நாளில் ஒரு காடையைக்கூடக் கிட்டே போய்ப் பார்த்ததில்லை.

அது ஜெர்மன் ஏர்கன். பொன்மலையில் ரயில்வே கார்டாக இருந்த ஓலிவர் துரை, ஐம்பத்து நாலாம் வருஷம் குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறினார். பக்கத்து வீட்டில் இருந்த என் மைத்துனனைப் பார்க்கப் போனவன், அவர் வாசலில் பரப்பி வைத்திருந்த சாமான்களுக்கு நடுவில் அதைப் பார்த்துவிட்டேன். ஒரு மூட்டை சம்பா அரிசியும் இரண்டு சேவலும் கொடுத்து வாங்கி வந்தேன். குழலை மடக்கி, ரவை வைத்து, நிமிர்த்தினால் தயார். உள்ளே இருக்கும் தோல் வாஷர் காய்ந்துவிடாமல் மாதம் ஒருமுறை இரண்டு சொட்டு எண்ணெய் விட வேண்டும். விட மறந்தால் ரவை குழலை விட்டு வெளியே வரவே யோசிக்கும்.

அதன் ரவை மிளகு அளவுதான். பட்டாலும் பறவை உடனே சாகாது. ஊரார் அதைக் குறை என்றார்கள். காஜா மைதீன் மட்டும் அதுதான் அதன் அருமை என்றான். அவன் மலைக்கோட்டைக்குக் கீழே இருக்கும் கடைவீதி வீடுகளுக்குக் கௌதாரி, காடை, குளிர்காலத்தில் ஏரிக்கு வரும் சின்ன வாத்தான கிளுவை என்று கொண்டுபோய்க் கொடுப்பவன். அந்த வீடுகளில் சமைக்க வேண்டுமென்றால் பறவையை உயிர் இருக்கும்போதே பிஸ்மில்லா சொல்லி அறுத்திருக்க வேண்டும். தோட்டாத் துப்பாக்கியால் அடிபட்டதில் பாதி, கத்தி வருவதற்குள் செத்துவிடும். செத்தது ஹராம், யாரும் தொட மாட்டார்கள். ஆகையால் எங்கள் இருவருக்கும் வேலை பிரிந்தது. இறக்கையைப் பார்த்துச் சுடுவது நான், கத்தியோடு ஓடுவது அவன். பத்து வருஷத்தில் நான் கொல்லாமல் சுடப் பழகினேன், அவன் சேற்றில் விழாமல் ஓடப் பழகினான்.

அறுக்கும்போது பக்கத்தில் நின்று பார்த்தவர்கள் யாரும் இல்லை. கொள்ளிடத்துக்கு வடக்கே ஓர் ஏரிக்கரையில் நடப்பது கடைவீதிக்கு எப்படித் தெரியும்? "காஜா அறுத்ததா?" என்று மட்டும் கேட்பார்கள். ஆமாம் என்றால் அடுப்பு பற்றவைப்பார்கள். அவனுக்கு இருந்த சொத்து அது ஒன்றுதான்.

அறுபத்து நாலாம் வருஷம் மார்கழியில் ஹபீபுல்லா சாகிப் படுத்த படுக்கையாக இருந்தார். கடைவீதியில் பெரிய ஜவுளிக்கடை அவருடையது. விஷக்காய்ச்சல் வந்து, காய்ச்சல் இறங்கிய பிறகும் வாய்க்குள் ஒன்றும் இறங்கவில்லை. கஞ்சியைக் கண்டால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வாராம். "சாப்பிட்டா எழுந்துடுவாரு, இல்லேன்னா என் மருந்தில ஒண்ணும் இல்லை" என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். ஒரு நாள் அவராகவே, கிளுவைக் கறி என்றால் ரெண்டு வாய் சாப்பிடுவேன் என்றிருக்கிறார். அவர் மனைவி ரோஷன் பேகம் அன்றைக்கே காஜாவுக்கு ஆள் அனுப்பிவிட்டார்.

மூன்று நாள் ஏரியில் கிடந்தோம். ஒரு கிளுவையும் துப்பாக்கிக்கு எட்டவில்லை. என் ஏர்கன்னுக்கு நாற்பது அடிக்கு மேல் போனால் மரியாதை இல்லை. கிளுவையோ மனுஷத் தலையை நூறு அடியிலேயே கண்டுகொள்ளும். ஆனால் எருமையைக் கண்டு பயப்படாது. எருமையைத் தண்ணீரில் இறக்கி, அதன் மறுபக்கத்தில் குனிந்து, அது மேயமேய நானும் நகர்வேன். சமயம் வந்தால் அதன் முதுகுமேல் குழலை வைத்துச் சுடுவேன். சுட்டாலும் அது காதைக்கூட ஆட்டாது. பெரியண்ணனைவிட அதற்கு விஷயம் தெரியும்.

நாலாம் நாள் காலையில் வெயில் ஏறும் நேரத்துக்கு ஒரு கிளுவை கூட்டத்தை விட்டுத் தனியாகக் கோரைப் பக்கம் வந்தது. முப்பது அடி. எருமையின் முதுகெலும்புமேல் குழலை அமர்த்திச் சுட்டேன். இறக்கை தொங்க, சுற்றிச்சுற்றி அடித்துக்கொண்டு என் முழங்காலருகே வந்து விழுந்தது. வாரி எடுத்தேன். வழக்கமாக "காஜா!" என்று கத்துவேன், கத்தவும் வாயைத் திறந்தேன். அப்போதுதான் அதன் காலைப் பார்த்தேன்.

வலது காலில் ஒரு வளையம். வெள்ளையாக, தகடுபோல. எந்த மகராசன் கிளுவைக்குக் கொலுசு போட்டான்?

காஜா கத்தியோடு மூச்சிரைக்க ஓடி வந்தான். "கழுத்தைக் காட்டு, கழுத்தைக் காட்டு."

"இரு காஜா. இதோட காலைப் பாரேன்."

"கால் எங்க போவுது? முதல்ல..." என்றவன் குனிந்தான். அப்புறம் அவனும் கத்தியை மறந்துவிட்டான். "எழுத்து இருக்கு வீரமலை! இங்கிலீஷு!"

அவன் எட்டாவதுவரை படித்தவன். எச்சில் தொட்டுச் சேற்றைத் துடைத்தான். பறவை துள்ளியதில் எழுத்து நிற்கவில்லை. நான் அதை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு காலை வெயிலுக்குத் திருப்பினேன். "ஐ... என்... எஃப்..." என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி கூட்டினான். "இன்ஃபார்ம். அப்புறம் பி... பாம்பே. இன்ஃபார்ம் பாம்பே!"

"பம்பாயா? பம்பாயிலேர்ந்தா பறந்து வந்துச்சு?"

"கீழே நம்பர் போட்டிருக்கான். எத்தனை நம்பரு! அப்போ இத்தனை கிளுவைக்கா..."

சொல்லிக்கொண்டே வந்தவன் நிறுத்தினான். பறவையின் தலை என் கைக்கு வெளியே கயிறு மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. கண்ணில் தோல் மூடியிருந்தது.

"போயிடுச்சு" என்றான்.

"இன்னும் சூடா இருக்குல்ல. அறு."

"செத்ததை அறுக்கச் சொல்றியா?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "ஒரு நிமிஷத்துல என்ன கெட்டுப் போச்சு? அங்க ஒரு மனுஷன் வாயைத் திறக்காம கிடக்குறாரு. நாலு நாள் கழிச்சு ஒண்ணு கிடைச்சிருக்கு. இங்க யாரு பார்த்தா? நீ, நான், எருமை."

அவன் கத்தி முனையால் வளையத்தை நெம்பி எடுத்துக் கைக்குட்டையில் முடிந்தான். "இன்னிக்கும் ஏன் கையை வீசிட்டு வரேன்னு சாகிப்கிட்ட சொல்லணுமில்ல. இதைக் காட்டுறேன். பறவை உனக்கு, எடுத்துக்கோ" என்று சொல்லிவிட்டுக் கால் கழுவப் போனான்.

அவன் முதுகு திரும்பியதும் நான் என் பேனாக்கத்தியால் கிளுவையின் கழுத்தை அறுத்துப் பையில் போட்டேன். இரத்தம் மெதுவாகத்தான் வந்தது. ஒரு நல்ல மனுஷன் பிழைப்பதற்கு இந்தப் பொய் தாங்கும் என்று நினைத்தேன். "நானும் டவுனுக்கு வரேன்" என்று அவன் சைக்கிளின் பின்னால் ஏறிக்கொண்டேன்.

கொள்ளிடம் பாலம் தாண்டி ஸ்ரீரங்கம் வழியாகத்தான் போக வேண்டும். ஏகாதசிக் கூட்டம் வேறு. அந்த ஊர் வழியாகப் போகும்போது பையின் மேல் முளைக்கீரைக் கட்டு ஒன்றை வைத்து மறைப்பது எங்கள் வழக்கம். கோபுரத்தருகே ஒரு மாமி வழிமறித்து, "ஏன்டாப்பா, கீரை என்ன விலை?" என்றார். "ஒரு வீட்டுக்குச் சொல்லி வச்சது மாமி" என்று சொல்லிக் காஜா மிதித்த மிதியில் நான் விழப் பார்த்தேன். வேறொரு நாளாக இருந்தால் தென்னூர்வரை சிரித்திருப்போம்.

சாகிப் கட்டிலில் பாயோடு பாயாகக் கிடந்தார். ரோஷன் பேகம் திரைச்சீலைக்குப் பின்னால் நின்றார். "கிடைச்சுதா காஜா?" என்று சாகிப் கேட்ட குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

காஜா வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "கிடைச்சுதுங்க!" என்று கீரையைத் தள்ளிவிட்டுப் பறவையை எடுத்து நீட்டினேன். அறுபட்ட கழுத்தைக் காஜா பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையை இப்போது நினைத்தாலும் எனக்குக் கூசுகிறது.

சாகிப் கையை ஊன்றித் தலையைத் தூக்கினார். இரண்டு மாதத்தில் அவர் தலையைத் தூக்கியது அதுதான் முதல் தடவை என்று பிறகு சொன்னார்கள். "காஜா அறுத்ததுதானே?" என்றார்.

ஆமாம் என்று அவன் தலையாட்டினால் போதும். திரைக்குப் பின்னால் அம்மி தயாராக இருந்தது.

"இல்லீங்க முதலாளி" என்றான் காஜா. "இது செத்த பறவை. கத்தி என் கையிலதான் இருந்துச்சு. நாங்க ரெண்டு பேரும் அதோட காலைப் படிச்சிக்கிட்டு இருந்துட்டோம். படிச்சு முடிக்கிறதுக்குள்ள போயிடுச்சுங்க."

சாகிப் தலையைத் திரும்பவும் தலையணையில் போட்டார். நான் காரியத்தைக் கெடுத்த காஜாவைத் திட்டுவதா, பொய் சொன்ன என்னைத் திட்டிக்கொள்வதா என்று தெரியாமல் நின்றேன். "காலைப் படிச்சீங்களா? காலுல என்ன இருக்கு படிக்க?" என்றார் சாகிப்.

காஜா கைக்குட்டையை அவிழ்த்தான். சாகிப் வளையத்தை விரலில் உருட்டிப் பார்த்தார். "ரோஷன், என் கண்ணாடியைக் கொண்டா." வந்தது மூக்குக் கண்ணாடி இல்லை. துணியில் இழை எண்ணிப் பார்ப்பதற்கு வைத்திருந்த சின்ன மடக்குக் கண்ணாடி. முதுகுக்குப் பின்னால் தலையணை வைக்கச் சொல்லி உட்கார்ந்தார். "பம்பாய்க்குத் தெரிவின்னு போட்டிருக்கு. யாரோ பிடிச்சு, மாட்டி, மறுபடி விட்டிருக்கான். எதுக்குடா விட்டான்?"

"அதாங்க எங்களுக்கும் புரியலை."

"பம்பாயில எனக்கு மில் ஏஜெண்டு இருக்கான். விசாரிக்கச் சொல்றேன்." பிறகு என் பக்கம் திரும்பினார். கேள்விமேல் கேள்வி. எந்தத் திசையிலிருந்து வரும்? எந்த மாசம் போகும்? முட்டையிட்டுப் பார்த்திருக்கிறாயா? இல்லையா, அப்போது எங்கேதான் முட்டையிடுகிறது? பத்து வருஷமாகச் சுடுகிற நான் அதை ஒருநாளும் யோசித்ததில்லை. ஐப்பசியில் வரும், மாசியில் காணாமல் போகும், அவ்வளவுதான் எனக்குத் தெரியும். ஒரு மணி நேரம் ஓடிவிட்டது. கடைசியில், "ரோஷன், அந்தக் கஞ்சி இருந்தா கொண்டா. பதில் வர்ற வரைக்கும் இருந்து பார்க்கணுமில்ல" என்றார்.

என்னை ஊரில் விடத் திரும்பும்போது காஜா கொள்ளிடம் பாலம்வரை ஒரே மிதியாக மிதித்தான். பாலத்தின் நடுவில் இறங்கிச் சைக்கிளை நிறுத்தினான். "நீ சுடுறதுல நான் என்னிக்காவது கை வச்சிருக்கேனா? நான் அறுக்கறதுல நீ எப்படி கை வச்சே?" என்றான். பிறகு அவனே, "உன்னைச் சொல்லி என்ன? தப்பு என்னுது. கத்தியைக் கையில வச்சிக்கிட்டு இங்கிலீஷ் படிச்சேன் பாரு" என்றான். நான் அப்போது வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை.

பங்குனியில் பம்பாயிலிருந்து தபால் வந்தது. சாகிப் அதற்குள் கடைக்குப் போய் உட்கார ஆரம்பித்திருந்தார். எங்கள் இருவரையும் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்காரவைத்துப் படித்துச் சொன்னார். பறவைகளைப் பற்றி ஆராய்கிறவர்களாம். ராஜஸ்தானத்தில் ஓர் ஏரியில் இரண்டு குளிர்காலத்துக்கு முன்னால் அதற்கு வளையம் மாட்டியிருக்கிறார்கள். கோடைக்கு இமயமலையைத் தாண்டி வடக்கே போய், அங்கே முட்டையிட்டுக் குஞ்சு பொரித்துவிட்டு, குளிருக்கு இந்தப் பக்கம் திரும்பி வருமாம். போகவும் வரவுமாக இமயமலையை நாலு முறை தாண்டியது என் எருமையைத் தாண்டவில்லை.

கூடவே ஒரு அச்சடித்த தாள். கிடைத்த இடம், தேதி, எல்லாம் எழுதி அனுப்ப வேண்டும். சாகிப் ஒவ்வொன்றாகக் கேட்டு நிரப்பினார். கடைசி வரியில் பேனாவை நிறுத்தி, "பறவை எப்படி இறந்ததுன்னு கேக்கறான். என்ன எழுத?" என்றார்.

"அறுக்கப் பிந்திப் போச்சுன்னு எழுதுங்க. காஜா மைதீன் தப்புன்னு எழுதுங்க" என்றான் அவன். மூன்று மாதமாக அதை அவன் சுமந்துகொண்டு திரிந்தது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"அப்படி எழுதாதீங்க" என்றேன். "ரவை இறக்கையிலதாங்க பட்டுச்சு. அதால சாகலை. துள்ளினா எழுத்து தெரியலைன்னு நான்தான் நெஞ்சை இறுக்கிப் பிடிச்சேன். என் விரலுக்கு அடியில அடிச்சிக்கிட்டு இருந்துச்சு, நின்னுடுச்சு. நின்னது எனக்குத் தெரியும்."

காஜா மெதுவாகக் கேட்டான். "எப்போ?"

"நீ 'பி'ன்னு ஆரம்பிச்சப்பவே. மீதியும் என்னன்னு தெரிஞ்சுக்கணும்னு இருந்துச்சு. சொல்லலை."

கடையில் யாரோ துணி கிழிக்கும் சத்தம் கேட்டது. சாகிப் எங்கள் முகத்தைப் பார்க்காமல் தாளைப் பார்த்துக்கொண்டே எழுதினார். படித்துக் காட்டச் சொன்னேன். "கையில் பிடித்தவர், அது எங்கிருந்து வந்தது என்று அறிய விரும்பினார். அந்தப் பிடியில் இறந்தது" என்று தமிழில் சொன்னார்.

வெளியே வந்து காஜா சைக்கிள் பூட்டைத் திறந்தான். நான் ஏறலாமா வேண்டாமா என்று நின்றேன். "ஏறு" என்றான். "விடியக்காலையில கௌதாரிக்குப் போலாம், எருமையை அவுத்து வை, வரேன். ஆனா இனிமே பறவை விழுந்தா நீ தொடாதே. நான் வந்து எடுக்கற வரைக்கும் கிடக்கட்டும்."

சரி என்றேன். இன்றுவரை தொட்டதில்லை.