குண்டுக்கு முந்தி வந்த துளைகள்

மாதவராஜ் கொட்டாய்க்குத் துப்பாக்கி வந்த அன்றைக்கே சுவரில் துளையும் வந்துவிட்டது. குண்டு பாய்வதற்கு இன்னும் சில வருஷம் இருந்தது. நல்லம்பள்ளியிலிருந்து தெற்கே போகும் மண்பாதையில், குச்சிக்கிழங்குக் காட்டுக்கும் மாந்தோப்புக்கும் நடுவில் தனியாக நிற்கும் வீடு அது. கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் வேறு கூரை கிடையாது. மறுநாள் காலை கூடத்தைப் பெருக்கிக்கொண்டிருந்த மாதவராஜின் மனைவி பானுமதிதான் துளையை முதலில் பார்த்தாள். சமையல்கட்டுப் பக்கத்துச் சுவரில், உட்கார்ந்திருப்பவரின் தலை உயரத்தில், பென்சில் நுழையும் அளவுக்கு வட்டமாக இருந்தது. ஃபேன் மாட்ட வந்த எலக்ட்ரீசியன் தப்பான இடத்தில் ட்ரில் போட்டுவிட்டான் என்று நினைத்துக்கொண்டாள். பிறகு பார்த்தால், சுவரில் தொங்கிய காலண்டரிலும் அதே அளவில் துளை இருந்தது. அரிசி டிரம்மிலும் இருந்தது. தகரம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திறந்திருந்தும் ஒரு மணி அரிசிகூட வெளியே சிந்தவில்லை. அந்த வருஷம் விலை இல்லாமல் தக்காளியைச் செடியிலேயே விட்டிருந்தார்கள். ஊரே அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்ததால் துளையைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசவில்லை.

துப்பாக்கி வந்தது பானுமதிக்காக. அதற்கு முந்தைய சித்திரையில், பட்டப்பகலில், பைக்கில் வந்த இரண்டு பேர் குடிக்கத் தண்ணி கேட்டார்கள். சொம்பை நீட்டியவளின் தாலிக்கொடியைப் பிடித்து இழுத்தார்கள். கொடி அறுவதற்கு நேரம் ஆனது. அதுவரை வாசலிலிருந்து பாதை வரைக்கும் அவளை இழுத்துக்கொண்டு போனார்கள். கழுத்தைச் சுற்றிக் கயிறு கட்டினமாதிரி ஒரு தழும்பு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு அவள் தூங்கவில்லை. பைக் சத்தம் கேட்டால் கையிலிருப்பதைக் கீழே போட்டாள். மாதவராஜ் அன்றைக்கு தர்மபுரிக்கு உரம் வாங்கப் போயிருந்தார். அது அவர் மனதில் முள்ளாகத் தைத்துக் கிடந்தது. கலெக்டர் ஆபீசுக்கு நடந்தார், ஸ்டேஷனுக்கு நடந்தார், கேட்ட சர்ட்டிபிகேட்டெல்லாம் கொடுத்தார். லைசென்ஸ் கைக்கு வந்ததும் சேலத்துக்குப் போய் ஒரு ரிவால்வரும் ஒரு பெட்டி குண்டும் வாங்கிவந்தார். அவர் பரம்பரையில் துப்பாக்கியைக் கையால் தொட்ட முதல் ஆள் அவர்தான்.

கடைக்காரர் நல்லபடியாகத்தான் சொல்லி அனுப்பியிருந்தார். வீட்டில் இருக்கும்போது குண்டு போட்டு வைக்காதீங்க. துப்பாக்கி ஒரு பூட்டுக்குள்ள, குண்டு வேற பூட்டுக்குள்ள, சாவி உங்க இடுப்புல. கையில எடுத்தா, குண்டு இல்லைன்னு தெரிஞ்சாலும், இருக்குன்னே நினைச்சுக்குங்க. சுடணும்னு முடிவு பண்ணாம விசையில விரல் வைக்காதீங்க. வெளிய எடுத்துட்டுப் போனா அதுக்குன்னு இருக்கற தோல் உறையில போடுங்க, வேட்டி மடிப்புல சொருகாதீங்க, நாலு பேருக்குக் காட்டாதீங்க. மாதவராஜ் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். வீட்டுக்கு வந்து ஆறு குண்டையும் போட்டு, பீரோ மேல்தட்டில் மடித்த வேட்டிகளுக்கு அடியில் வைத்தார். பூட்டவில்லை. திருடன் வந்து நிற்கும்போது சாவியைத் தேடிக்கொண்டா இருக்க முடியும் என்று கேட்டார்.

சுவர்த் துளையை அடைக்க முனிராஜ் கொத்தனார் வந்தார். சிமென்ட் வைத்துப் பூசினார். விடிந்தபோது துளை திறந்திருந்தது. மறுபடி பூசினார், மறுபடி திறந்தது. கடைசியில் அவர் மட்டம் பார்க்கும் நூலை எடுத்து டிரம் துளை, காலண்டர் துளை, சுவர்த் துளை எல்லாவற்றுக்குள்ளும் விட்டு இழுத்துக் கட்டினார். நூல் விறைத்து ஒரே கோடாக நின்றது. ஒரு முனை பீரோவின் மேல்தட்டில், வேட்டி அடுக்கில் போய் முட்டியது. மறுமுனை சமையல்கட்டுக்குள் நுழைந்து காற்றில் தொங்கியது. எதிர்ச்சுவரை எவ்வளவு தடவிப் பார்த்தும் அங்கே துளை அகப்படவில்லை.

"அதுக்கப்பறம் ஒண்ணுமில்லைங்க. அதோட நின்னுபோச்சு" என்றார் முனிராஜ். அதை நல்ல சேதி என்றே எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள்.

நூலைப் பார்த்த பானுமதி அன்றைக்கே தர்மபுரிக்கு ஆள் அனுப்பி ஓர் இரும்பு லாக்கர் வரவழைத்தாள். கூடத்துக்கும் சமையல்கட்டுக்கும் நடுவில் இருக்கும் சுவரோடு சேர்த்து போல்ட் போட்டு முடுக்கச் சொன்னாள். குண்டுகளைப் பருப்பு டப்பா மாதிரி ஒரு சின்னப் பெட்டியில் போட்டுத் தனியாகப் பூட்டினாள். பூட்டித் திரும்புவதற்குள் டிரம் மூடிக்கொண்டது. சாயங்காலத்துக்குள் சுவரும் மூடியது. அதிலிருந்து அந்த வீட்டாருக்கு முறை தெரிந்துவிட்டது. ஒழுங்காகப் பூட்டியிருந்தால் துளை இல்லை. மாதவராஜ் அசட்டையாக இருந்தால் துளை திறக்கும். ஒரு கல்யாணத்துக்கு அவர் அதை வேட்டி மடிப்பில் சொருகிக்கொண்டு போனபோது அவருடைய தொடையிலேயே ஒன்று திறந்தது. பந்தியில் உட்காரும் வரை அவருக்கே தெரியவில்லை. டீக்கடையில் அவர் வந்து உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவர்கள் தங்கள் சட்டையைக் குனிந்து பார்த்துக்கொண்டார்கள். மின்வெட்டு நேரம் தெரிந்துவைத்திருப்பது போல ஊர் அதையும் தெரிந்துவைத்திருந்தது.

மாதவராஜின் தங்கை கலைமணி, லாரி விபத்தில் புருஷன் போனபிறகு அண்ணன் வீட்டுக்கு வந்தவள். பக்கத்து ஊர் அங்கன்வாடியில் டீச்சர். லாக்கர் வந்து ஒரு வருஷம் கழிந்தபோது, ஒருநாள் குளிக்கும்போது வலது தோள் எலும்புக்குக் கீழே, மார்பில், சோப்பு உள்ளே போவதை உணர்ந்தாள். விரலால் தொட்டால் வலி இல்லை. ரத்தம் இல்லை. கண்ணாடிக்கு முன்னால் நின்றாள். தன் உடம்பு வழியாகக் குளியலறை ஜன்னல் தெரிந்தது. ஓடிப்போய் லாக்கரைப் பார்த்தாள். சாவி அதிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே ரிவால்வரில் ஆறு குண்டும் இருந்தன. பானுமதி பிரித்துப் பூட்டியதும் மார்பு மூடிக்கொண்டது. ஆனால் அதிலிருந்து, மாதவராஜ் வீட்டில் எப்போது அசந்தாலும் கலைமணிக்கும் திறந்தது. எந்தச் சேலை கட்டினாலும் அந்த இடத்தில் சேலையும் திறந்தது. அவிழ்த்தால் துணியில் ஒன்றும் இல்லை. எக்ஸ்ரே எடுத்த டாக்டர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, வெள்ளையாக இருக்க வேண்டிய இடத்தில் இருந்த கருப்பு வட்டத்தைக் கொஞ்சநேரம் பார்த்தார். கால்சியம் மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

காலையில் எழுந்ததும் எல்லோரும் கலைமணியைப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. தேர்தல் அறிவித்தால் லைசென்ஸ் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். அந்த நாட்களில் மட்டும் அவளை யாரும் பார்க்கவில்லை. அப்படி ஒரு தேர்தல் முடிந்த சமயத்தில் அவள் வாய்விட்டுக் கேட்டாள்.

"அண்ணா, அது அங்கயே இருக்கட்டும். லைசென்ஸ எழுதிக் குடுத்துட்டு வந்துரு."

"உங்கண்ணி கழுத்தப் பாத்தீல்ல? அன்னிக்கு இது கையில இருந்திருந்தா ரெண்டு பேரும் பாதை தாண்டியிருக்க மாட்டானுங்க."

"அன்னிக்கு நீ வூட்டுலயே இல்லியேண்ணா."

மாதவராஜ் சோற்றில் கையை உதறிவிட்டு எழுந்துபோனார். மறுநாள் காலை முதல் ஆளாக ஸ்டேஷனுக்குப் போய் ரிவால்வரை வாங்கிவந்தார்.

கலைமணி அண்ணியிடம் போனாள். பானுமதி பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். நாத்தனாரின் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்தாள். "கலை, உனக்குத் தொந்தரவுதான், எனக்குத் தெரியாதா? ஆனா அது வூட்டுல இருக்கறப்பதான் நான் கண்ண மூடறேன். அது ஸ்டேஷன்ல இருந்த நாள்ல ஒரு பொட்டுத் தூக்கமில்ல. நான் பூட்டிக்கறேன். தெனம் நானே பாத்துப் பூட்டிக்கறேன்." அவள் கழுத்துத் தழும்பு விளக்கு வெளிச்சத்தில் மினுமினுத்தது. கலைமணி முறத்திலிருந்து ஒரு பூண்டை எடுத்து உரிக்க ஆரம்பித்தாள். பானுமதி சொன்னபடி செய்தாள். பூட்டினாள், திறந்து பார்த்தாள், மறுபடி பூட்டினாள். அப்படியே வருஷங்கள் போயின. மழை பெய்தது, பொய்த்தது. மாந்தோப்பில் பாதியை வெட்டிவிட்டுச் சாமந்தி போட்டார்கள்.

அந்த வைகாசியில் ஏரியூரில் பானுமதியின் அக்கா மகளுக்குக் கல்யாணம். பானுமதிக்குக் காய்ச்சல் என்று மாதவராஜ் மட்டும் போனார். அத்தனை நகை போட்ட கூட்டத்துக்கு வெறும் ஆளாகப் போவதா என்று ரிவால்வரில் குண்டு நிரப்பி எடுத்துக்கொண்டார். தோல் உறை வெளியே தெரியும் என்று அதை வீட்டிலேயே விட்டுவிட்டார். சாப்பிட்டுவிட்டு உச்சி வெயிலில் திரும்பி வந்தவர், இடுப்பு வேர்க்கிறது என்று துப்பாக்கியை உருவி டிவி மேசைமேல் வைத்தார். லாக்கர் நாலு எட்டில் இருந்தது. கட்டிலில் படுத்தார், தூங்கிப்போனார். காய்ச்சல் விட்டிருந்த பானுமதி பின்னால் சமையல்கட்டில் கிரைண்டரில் மாவு போட்டிருந்தாள். அந்தச் சத்தத்தில் புருஷன் வந்தது அவளுக்குக் கேட்கவில்லை.

அங்கன்வாடியில் பிள்ளைகளைப் படுக்கவைத்துக்கொண்டிருந்த கலைமணிக்கு மார்பு வழியாகக் காற்று போனது. எப்போதும் திறந்தால் கூச்சம்தான் இருக்கும். அன்றைக்குச் சில்லென்று இருந்தது. ஆயம்மாவிடம் சொல்லிவிட்டு ஸ்கூட்டியை எடுத்தாள். அங்கேயே இருந்திருந்தால் அவளுக்கு எந்த ஆபத்தும் இல்லை. பூட்டத்தான் போனாள்.

கூடத்துக்குள் நுழைந்ததும் நேராக லாக்கரிடம் போனாள். திறந்து கிடந்தது, உள்ளே காலி. திரும்பினாள். அவளுக்குப் பின்னால் சுவரில் துளை திறந்திருந்தது. முன்னால் கட்டிலில் அண்ணன், பக்கத்து மேசையில் ரிவால்வர்.

"அண்ணா. எந்திரி. எடுத்து உள்ள வை."

"வந்ததும் வராததுமா ஆரம்பிச்சுட்டியா?"

"எடுத்து வைண்ணா. எனக்குக் குளுருது."

"இரு, உன் கண்ணு முன்னாலயே குண்ட எடுத்துக் காட்டறேன், போதுமா?" தூக்கக் கலக்கத்தோடு எழுந்து உட்கார்ந்தவர், ரிவால்வரை எடுத்துக் குண்டு உருளையைத் திறக்கப் போனார். துப்பாக்கி வாய் அவள் பக்கம் இருந்தது. விரல் இருக்கக்கூடாத இடத்தில் இருந்தது.

வெடிச் சத்தம் அடங்கியபோது கலைமணி நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். மார்பைத் தடவினாள். ஈரம் இல்லை. குண்டு அந்தத் துளைக்குள் நுழைந்து, அவளைத் தொடாமல், அந்தப் பக்கம் போயிருந்தது. "ஒண்ணுமில்லண்ணா" என்றாள். மாதவராஜ் தரையில் உட்கார்ந்து, "ஒண்ணுமில்ல, சாமி, ஒண்ணுமில்ல" என்று சொல்லிக்கொண்டே அழுதார். அழுகைக்கு நடுவில் சிரித்தார். அவளும் சிரித்தாள். இத்தனை வருஷம் பயந்துகிடந்தது இவ்வளவுதானா என்று இருவருக்கும் உடம்பு லேசானது. கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. சத்தம் கேட்டு ஓடிவந்திருக்க வேண்டியவள் ஏன் இன்னும் வரவில்லை என்பது கலைமணிக்குத்தான் முதலில் உறைத்தது. கிரைண்டர் ஓடிக்கொண்டே இருந்தது; மாவு நைந்து, வழிந்து, தரையில் ஊர்ந்தது.

பானுமதி அதன் பக்கத்தில் சாய்ந்து கிடந்தாள். தண்ணீர் தெளித்த கை ஈரமாகவே இருந்தது. தைத்துப் போகும் இடங்களைத்தான் அந்தக் குண்டு முன்கூட்டியே திறந்துவைத்திருந்தது. தங்கும் இடத்தை அது திறக்கவில்லை. அவள் உடம்பில் ஒருநாளும் துளை இருந்ததில்லை.

மாதவராஜே ஸ்டேஷனுக்கு போன் பண்ணினார். போலீஸ் வந்து ரிவால்வரைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனது. ஜீப் பாதையைத் தாண்டுவதற்குள் வீட்டுத் துளைகள் எல்லாம் மூடிக்கொண்டன. கலைமணியுடையது மூடவில்லை. கவனக்குறைவால் மரணம் என்று வழக்கு, லைசென்ஸ் ரத்தானது. ஜாமீனில் வந்தவரைப் பானுமதியின் ஏரியூர்ச் சொந்தக்காரர்கள் வாசலில் நிற்கவைத்துக் கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டு, ஒரு வாய்த் தண்ணிகூடக் குடிக்காமல் போனார்கள். அவர் தங்கையை நிமிர்ந்து பார்ப்பதில்லை. பார்த்தால் அவள் வழியாகப் பின்னால் இருக்கும் சுவர் தெரிந்தது. அவள் வைத்த சோற்றைத் தின்றார். ஒரே ஒருமுறை, "நீ அன்னிக்கு வராம இருந்திருந்தா…" என்று தொடங்கினார்.

"நான் பூட்டறதுக்கு வந்தேண்ணா" என்றாள் அவள்.

வருஷத் திதிக்கு இருவரும் பஸ் ஏறி ஒகேனக்கல் போனார்கள். மாதவராஜ் மொட்டை போட்டுக்கொண்டார். பிண்டத்தை நடு ஆற்றில் விட வேண்டும் என்று ஐயர் சொன்னதால் பரிசல் பிடித்தார்கள். இருவரும் எதிரெதிர் ஓரத்தில் உட்கார்ந்தார்கள். பாறைகளைத் தாண்டியதும் காற்று எழுந்து கலைமணி வழியாகச் சீழ்க்கை போல ஒலித்துக்கொண்டு போனது. பரிசல் சுற்ற ஆரம்பித்தது. பூவரசன் என்ற பரிசல்காரர் துடுப்பைப் போட்டு நிறுத்தப் பார்த்தார், முடியவில்லை. கலைமணியின் தோளைப் பார்த்தார்.

"காத்து அக்கா வழியா இழுக்குதுங்க. பின்னாடிப் பக்கம் யாராச்சும் கை வெச்சு மூடிக்குங்க. இல்லாட்டி கரை சேர முடியாது."

மாதவராஜ் தவழ்ந்துபோய்த் தங்கையின் பின்னால் உட்கார்ந்தார். அவள் முதுகில் உள்ளங்கையை வைத்தார். காற்று அவர் கையில் வந்து மோதியது, சில்லென்று. பரிசல் சுற்றுவதை நிறுத்தி நேரானது. கர்நாடகாவில் தண்ணீர் திறந்திருக்கிறார்கள், நாளையிலிருந்து பரிசலை நிறுத்திவிடுவார்கள் என்று பூவரசன் பேச்சுக் கொடுத்தார். நடு ஆற்றில் கலைமணிதான் பிண்டத்தை விட்டாள். கரை வரும்வரை மாதவராஜ் கையை எடுக்கவில்லை.