கிடைத்ததாகச் சொன்ன ஸ்பிரிங்

பிரித்துப் பூட்டிய என்ஜினுக்கு மெக்கானிக் முதல் தடவை சாவியைத் திருப்பினான். சுற்றியது, இருமியது, ஆனால் பிடிக்கவில்லை.

வண்டி பல் டாக்டருடையது. ரோட்டரி என்ஜின். பிஸ்டன் மேலும் கீழும் போய்வரும் வகையல்ல. இரண்டு முக்கோண ரோட்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கூட்டுக்குள் சுழலும். அதைத் தொடவே பயந்து நாலு பட்டறைக்காரர்கள் கையை விரித்த பிறகுதான் டாக்டர் இங்கே வந்தார். இந்தப் பட்டறை மெக்கானிக்குக்கும் அவன் மனைவியின் அண்ணனுக்கும் சொந்தம். கல்யாணத்துக்கு முன்பே இருவரும் கூட்டாளிகள், இப்போது ஒரே வீட்டில் இருக்கிறார்கள். மச்சான், மாப்ள என்று கூப்பிட்டுக்கொண்டாலும் மச்சான் அவனை 'வா, போ' என்றுதான் பேசுவார்.

மச்சானுக்குக் கொஞ்ச நாளாகக் கை நடுக்கம். தனக்கு ஊற்றும் டீயில் பாதி தரைக்குத்தான் என்று அவரே சிரிப்பார். ஸ்பானரைப் பிடித்தால் கை அடங்கிவிடும். மெல்லிய வேலைதான் காட்டிக்கொடுக்கும்.

பாட்டரியை மாற்றிப் பார்த்தார்கள். அதே இருமல். மெக்கானிக் பிளக்கைக் கழற்றி அந்தத் துளையில் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் மீட்டரைத் திருகினான். மச்சான் சாவியைத் திருப்பினார். ரோட்டருக்குப் பக்கம் மூன்று, அதனால் ஊசியும் மும்மூன்றாகத் துள்ள வேண்டும். முன் ரோட்டரில் மூன்றும் ஒரே உயரம். பின் ரோட்டரில் ஒன்று நன்றாக எழுந்தது. மற்ற இரண்டும் சோம்பல் முறித்துவிட்டுப் படுத்துக்கொண்டன. துளைக்குள் கொஞ்சம் எண்ணெய் விட்டுப் பார்த்தான். எண்ணெய் கசிவை அடைத்த வரை ஊசி சற்று ஏறி, மறுபடி இறங்கியது.

அடுத்தடுத்த இரண்டு பக்கம் தளர்ந்தால், அவை சேருகிற மூலையில் கோளாறு என்று அர்த்தம். மூலைக்கு ஒரு சீல், காற்று கசியாமல் அடைக்கும் பட்டை. அதைப் பின்னாலிருந்து உந்த நீளமும் குட்டையுமாக இரண்டு ஸ்பிரிங்.

"என் கைதான் மாப்ள," என்றார் மச்சான். "பின் ரோட்டர் நான் பூட்டினதுதானே."

மெக்கானிக் மீட்டரைத் திருகிக் கழற்றினான். என்ஜினைப் பூட்டிய அன்று பின் ரோட்டரில் இரண்டு மூலைதான் மச்சான் பூட்டியது. மூன்றாவதில் அவர் கை ஆடி, குட்டை ஸ்பிரிங் எகிறி எங்கோ போய் விழுந்தது. அவர் மண்டி போட்டு மேஜைக்கு அடியில் துழாவுவதைப் பார்க்க அவனுக்கு எரிச்சல் வந்தது. கிடைத்துவிட்டது, நீங்கள் போய் டீ குடியுங்கள், மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று பொய் சொல்லி அனுப்பிவிட்டான். கிடைக்கவில்லை. டப்பாவிலிருந்து வேறொன்று எடுத்துப் போடலாம் என்று நினைத்தான். அதற்குள் வாசலில் டயர் இறக்க வண்டி வந்துவிட்டது. திரும்பி வந்தவன் ஸ்பிரிங்கை மறந்து நேரே மூடியைப் பூட்டினான்.

ஊசி துவண்டபோதுதான் எல்லாம் நினைவுக்கு வந்தது. சீல் புதிது, ஓடி ஓடித்தான் படியும் என்று மழுப்பினான். இருவரும் வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் செய்தார்கள். பிடித்துக்கொண்டது; பிசிறில்லாமல் ஓடியது. வேகம் கூடினால் சீல் தானாகவே வெளிப்பக்கம் வீசப்பட்டுக் கூட்டின் சுவரோடு ஒட்டிக்கொள்ளும் என்பது அவனுக்குத் தெரியும். இப்படியே கொடுத்தனுப்பிவிட்டால் என்ன என்று ஒரு நினைப்பு வந்தது. தெருமுனையில் மச்சான் வண்டியை அணைத்துவிட்டு மறுபடி சாவியைத் திருப்பினார். சூடான என்ஜின் பிடிக்கவில்லை. இரண்டு பேரும் வண்டியைத் தள்ளிக்கொண்டு திரும்பினார்கள்.

அன்று ராத்திரி வீட்டில் சாப்பிடும்போது மச்சான் தங்கையிடம், இனி டயர், பிரேக்கோடு நிறுத்திக்கொள்ளப்போவதாகச் சொன்னார். சாதாரணமாகத்தான் சொன்னார். அவள் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள்.

"நீங்க ஒண்ணும் சொல்லலையா?"

அவன் சோற்றைப் பிசைந்தான். பிசைந்ததையே திரும்பப் பிசைந்தான். அண்ணனுடைய முடிவு, நான் என்ன சொல்ல என்றான்.

மறுநாள் காலை டாக்டர் வந்தார். காருக்கு அடியில் படுத்திருந்த மெக்கானிக்கின் காதில் மச்சானின் குரல் விழுந்தது. தப்பு தன்னுடையது, கை ஆடுகிறது, அதை மறைத்து உங்கள் வண்டியைத் தொட்டிருக்கக் கூடாது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தார். படுத்திருந்தவனுக்கு இரண்டு ஜோடி கால்கள் மட்டும் தெரிந்தன. டாக்டர், கை ஆடிவிடுமோ என்ற பயம் தனக்கும் தினமும் உண்டு என்றார். அவசரமில்லை, மெதுவாகப் பாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மெக்கானிக் வெளியே வந்தான். முகத்தில் கிரீஸ். துடைக்கவும் தோன்றவில்லை.

"மச்சான், அந்த ஸ்பிரிங் கிடைக்கல."

மச்சானுக்கு முதலில் புரியவில்லை. அவன் முழுவதையும் சொன்னான், டயர் வண்டி வந்ததுவரை. அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"மறந்துட்டே. சரி. அது யாருக்கும் வரும்," என்றார். "நேத்து தங்கச்சிகிட்ட நான் சொன்னப்போ, ஞாபகம் இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"இப்ப டாக்டர்கிட்ட பேசினப்போ?"

"அப்பவும்."

மச்சான் எழுந்தார். "என்ஜினை இறக்குங்க," என்றார்.

அந்த 'இறக்குங்க' கன்னத்தில் அறை விழுந்த மாதிரி இருந்தது. அவர் அவனிடம் அப்படி மரியாதை போட்டுப் பேசியதே இல்லை.

இறக்கிப் பிரித்தார்கள். மச்சான் பூட்டிய இரண்டு மூலையிலும் பிசகில்லை. மூன்றாவதில் சீலுக்குப் பின்னால் நீள ஸ்பிரிங் மட்டும் தனியாக நின்றது. மச்சான் அதைப் பார்த்தார். குத்தலாக ஏதாவது சொல்லியிருந்தால் தேவலை என்று அவனுக்கு இருந்தது. விளக்கைப் பிடிக்கச் சொல்லிவிட்டு, முழங்கைகளை மேஜையில் ஊன்றி, குட்டை ஸ்பிரிங்கை அவரே உள்ளே தள்ளப் பார்த்தார். நழுவியது. மறுபடி வைத்தார். மறுபடி நழுவியது. அவனுடைய கை தானாக நீண்டது, பாதியில் இழுத்துக்கொண்டான். எத்தனையாவது முயற்சியிலோ அது போய் உட்கார்ந்தது. என்ஜினை ஏற்றி மீட்டரை வைத்தபோது ஊசி மூன்று முறையும் ஒரே உயரத்துக்குத் துள்ளியது. தள்ளாமலே வண்டி பிடித்தது.

டாக்டர் வண்டியை எடுக்க வந்தபோது, தப்பு யாருடையது என்பதை மெக்கானிக்கே சொன்னான். மச்சான் சாவியை எடுத்து டாக்டரிடம் நீட்டினார்.

வீட்டில் மனைவியிடமும் சொல்ல வேண்டியிருந்தது. அவள் துணி மடித்துக்கொண்டே கேட்டாள். திட்டுவாள் என்று நினைத்தான்.

"அண்ணன் அன்னைக்கு ராத்திரி கையைப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தாரு," என்றாள். "அதையும் தெரிஞ்சுக்கோங்க."

மறுநாள் பட்டறையில் ஒரு பழைய கியர்பாக்ஸ் காத்திருந்தது. மச்சான் அவனிடம் கேட்காமலே அதைப் பிரிக்க ஆரம்பித்தார். அவன் எதிரில் நின்று, அவர் கேட்கிற ஸ்பானரை மட்டும் எடுத்துக் கொடுத்தான்.