சீரியஸ் என்றால் போதும்

அப்பாவின் கால் பெருவிரல்களைச் சேர்த்து வெள்ளைத் துணியால் கட்டிக்கொண்டிருந்தபோது இசைவாணியின் போன் அடித்தது. அண்ணன் இம்மானுவேல். முடிச்சைப் பாதியில் விட்டுவிட்டுச் சித்தப்பாவைப் பார்த்தாள்.

"சீரியஸ்னு மட்டும் சொல்லு" என்றார் விருமாண்டி. "வேற எதுவும் வேணாம்."

அப்பா மொக்கைச்சாமியின் உயிர் அதிகாலை நாலே முக்காலுக்குப் பிரிந்திருந்தது. ஐந்து மணிக்கு, 'அப்பாவுக்கு சீரியஸ்' என்ற செய்தி அண்ணன் வேலை பார்க்கும் கப்பலுக்குப் போனது. அந்தக் குடும்பத்தில் யாரும் சாவைப் போனில் சொன்னதில்லை. திருப்பூர் பனியன் கம்பெனியில் இருந்த விருமாண்டிக்குத் தன் தாய் இறந்த அன்றும் சீரியஸ் என்றுதான் சொன்னார்கள். ஐந்து மணி நேரம் பஸ்ஸில் வருகிறவனுக்குப் பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டும். பொய் பொறுக்காத கருப்பசாமிகூட அந்த ஒரு பொய்க்குக் கண்ணை மூடிக்கொள்வார் என்பது அவர்கள் நம்பிக்கை.

இசைவாணி போனோடு அடுப்படிக்குப் போனாள். விருமாண்டியும் பின்னால் வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அப்பா கண்ணு முழிச்சாராம்மா?"

"இல்லண்ணே."

"டாக்டரு என்ன சொல்றாரு?"

அவள் விருமாண்டியைப் பார்த்தாள்.

"சரி, நீ பயப்படாத. நான் வாரேன். வழி கெடச்சிருச்சு."

அவன் சரக்குக் கப்பலில் இன்ஜின் பிரிவில் வேலை பார்க்கிறான். தென்சீனக் கடலில் இன்ஜின் பழுதாகி, கப்பல் ஒரு பவளத் திட்டின் அருகே ஒன்பது நாளாக நங்கூரம் போட்டு நின்றது. திட்டும் அதைச் சுற்றியுள்ள தண்ணீரும் தங்களுடையவை என்று மூன்று நாடுகள் சொல்கின்றன. இழுத்துப் போக வேண்டிய படகு, எந்த நாட்டிடம் அனுமதி கேட்பது என்று தெரியாமல் வராமலே இருந்தது. ரோந்துக் கப்பல்கள் மட்டும் தவறாமல் வந்தன.

"என்ன வழிண்ணே?"

"ரோந்துக்காரய்ங்க படகு பக்கத்துலதான் நிக்கிது. ஒரு பேப்பருல கையெழுத்துப் போட்டா கரையில எறக்கி விட்டுருவாய்ங்க. அங்கிருந்து பிளைட்டு."

"பேப்பருல என்ன எழுதிருக்கு?"

"எங்க கப்பலு அவய்ங்க எல்லைக்குள்ள கேக்காம வந்துச்சுன்னு."

"கேப்டன் என்ன சொல்றாரு?"

"போடாதங்கிறாரு. ஒருத்தன் போட்டாலும் அதக் காட்டிக் கப்பலப் புடிச்சுருவாய்ங்களாம். மிச்சம் இருபத்தொரு பேரும் உள்ள போகணுமாம். அவரு சொல்லுவாரு. அவரு அப்பாவா கெடக்காரு?"

இசைவாணி தன் பேச்சு அங்கே கேட்காதபடி போனை அமர்த்தினாள்.

"சித்தப்பா, சொல்லிரவா?"

"சொன்னா வர மாட்டான். ஒத்த மகன். கொள்ளி யாரு வைக்கிறது?"

"வந்தா இருபத்தொரு பேரு மாட்டுவாங்க."

"அவய்ங்க நமக்கு யாரு?" என்றவர் குரலைத் தாழ்த்தினார். "இங்க அர அடி வரப்புக்குப் பதினெட்டு வருசமா கோர்ட்டுக்கு நடக்குறாய்ங்க. அது சரி, கல்லு ஊண்டலாம். தண்ணியில எவன்டி கல்லு ஊண்டுனான்?"

போன மாதம் காய்ச்சலில் கிடந்தபோது கப்பல் சமையல்காரர் மூன்று வேளையும் கஞ்சி கொண்டுவந்து ஊட்டினார் என்று அண்ணன் சொல்லியிருந்தான். அவருடைய ஊர்ப் பெயரும் சொன்னான். அவளுக்கு வாயில் நுழையவில்லை. அந்த ஊரிலும் அவருக்கு யாராவது இருப்பார்கள்.

"இசை? இருக்கியா? ரோந்து ஆளு கூப்புடுறான். போறேன்."

அவள் பேச்சை மறுபடி கேட்கும்படி மாற்றி, போனைக் காதில் வைத்தாள்.

"அண்ணே, கையெழுத்துப் போட்டுராத. அப்பா காலையில நாலே முக்காலுக்கே போயிட்டாரு."

விருமாண்டி தலையைக் குனிந்துகொண்டார். கடல் காற்றுக்கு நடுவே அண்ணன் குரல் வந்தது.

"சீரியஸ்னு போட்டிருந்த."

"ஆமாண்ணே."

"நேத்து நான் பேசுனது அவருக்குக் கேட்டுச்சா?"

கேட்டது என்று சொல்ல வாயெடுத்தாள்.

"தெரியலண்ணே. போனக் காதுகிட்ட வச்சேன்."

அவன் யாரிடமோ ஆங்கிலத்தில், வேண்டாம் என்றான். அந்த ஆள் ஏதோ கேட்டான். இவன் மறுபடியும் வேண்டாம் என்றான். மோட்டார் சத்தம் பெரிதாகி, பிறகு மெல்ல விலகிப் போனது.

விருமாண்டி கையை நீட்டினார். திட்டப்போகிறார் என்று நினைத்துத் தயங்கித்தான் இசைவாணி போனைக் கொடுத்தாள்.

"ஏய்யா" என்றார். "சாப்ட்டியா?"

போனை மறு காதுக்கு மாற்றினார்.

"என்னத்தையாச்சும் சாப்புடு. கொள்ளிய நான் வச்சுர்றேன். நீ வந்து மொட்ட போட்டுக்கய்யா. தலமுடிக்கு என்ன அவசரம்." கேட்டுக்கொண்டே நின்றார். "சரிய்யா. காட்டச் சொல்றேன்."

போனை அவளிடம் திருப்பிக் கொடுத்தார். "மொகத்தப் பாக்கணுமாம்."

கூடத்தில் பெண்கள் நகர்ந்து வழி விட்டார்கள். குளிப்பாட்டுவதற்கு இன்னும் நேரம் இருந்தது. இசைவாணி மண்டியிட்டு அப்பாவின் முகத்துக்கு நேரே போனைப் பிடித்தாள். திரையில் அண்ணனின் பாதி நெற்றியும் துருப்பிடித்த கம்பி ஒன்றும் தெரிந்தன. பிறகு படம் அப்படியே நின்றுவிட்டது.

"தெரியுதாண்ணே?"

இணைப்பு அறுந்ததாகக் காட்டவில்லை. அங்கே அவனுக்குத் தெரிந்துகொண்டிருக்கலாம். அவள் போனை எடுக்கவில்லை. தோள் வலித்தது.

பக்கத்து வீட்டுப் பாண்டிமீனா ஒன்றும் கேட்காமல் அருகில் வந்து உட்கார்ந்து, அவள் முழங்கைக்கு அடியில் தன் உள்ளங்கையை வைத்துத் தாங்கிக்கொண்டாள்.